பழைய கோல்ஃப் ஜிடிஐ டர்போ: எஞ்சினை மறுபடி கட்டுவதற்கு முன்னால்

ஜெர்மனியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். 1989 மாடல் கோல்ஃப் 2 ஜிடிஐ, 8 வால்வு எஞ்சின். டர்போ கம்பெனியில் வந்ததில்லை, முந்தைய ஓனர் வெளியில் கிட் வாங்கி மாட்டியது. இப்போது நீலப் புகை வருகிறது, ஆயில் குடிக்கிறது. கம்ப்ரெஷன் பார்த்தால் மூன்று சிலிண்டர்களில் 10 பார் ஒட்டி இருக்கிறது, மூன்றாவதில் மட்டும் 6.5. எப்படியும் எஞ்சினை இறக்கத்தான் போகிறேன், அதோடு ஃபோர்ஜ்டு பிஸ்டனும் பெரிய டர்போவும் போட்டு 250 எச்பி எடுக்கலாமா, எதை முதலில் வாங்குவது என்பது அவர் கேள்வி.

எந்த பிஸ்டன், எந்த டர்போ என்று கேட்டிருந்தாலும், இந்த முறை பணம் போட்டால் எஞ்சின் நிற்குமா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று படித்ததும் தோன்றியது. அதற்கு நேரான பதில்: இந்த எஞ்சின் ஏன் போனது என்று தெரியும் வரை எதையும் வாங்காதீர்கள். பழைய பிஸ்டனைக் கொன்ற காரணம் வண்டியிலேயே இருந்தால் புதிய பிஸ்டனையும் அதுவே கொல்லும், கொஞ்சம் தாமதமாக, நிறைய பணத்தோடு. நான் கோயம்புத்தூரில் போரிங் பட்டறையில் தொழில் கற்றவன். பிறகு பல வருடங்கள் இந்தக் காலத்து ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்களைப் பிரித்துக் கோத்திருக்கிறேன். பின்னால் எழுதுவதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து. ஆனால் உங்கள் எஞ்சினை நான் பார்க்கவில்லை, அதனால் எங்கே உறுதியாகச் சொல்கிறேன், எங்கே ஊகிக்கிறேன் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் எஞ்சின் 1781 சிசி. போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 86.4 மி.மீ. இரும்பு பிளாக். டர்போ இல்லாமல் கம்பெனி கொடுத்தது 10:1 கம்ப்ரெஷனும் 112 எச்பியும். இதே 1781 சிசியில் சூப்பர்சார்ஜர் வைத்து ஜி60 எஞ்சினைச் செய்தபோது ஃபோக்ஸ்வாகனே கம்ப்ரெஷனை 8:1க்கு இறக்கியது, அழுத்தியதால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்தது, அழுத்தத்தை நேரடியாக அளந்து பெட்ரோல் கொடுக்கும் ஈசியுவையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வைத்தது. இவ்வளவும் செய்து எடுத்தது 160 எச்பி. வாரண்டி கொடுக்க வேண்டிய கம்பெனி ஜாக்கிரதையாகத்தான் இருக்கும், உண்மை. ஆனாலும் இந்த பிளாக்கை வடிவமைத்தவர்கள் எந்த மூன்று விஷயத்தை மாற்றாமல் பூஸ்ட் (காற்றை அழுத்தி ஏற்றுவது) கொடுக்கத் துணியவில்லை என்று கவனியுங்கள். அந்தக் காலத்துக் கிட்களில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதே மூன்றுதான்.

எஞ்சினை இறக்கும் முன் ஒரு லீக்-டவுன் டெஸ்ட் செய்யுங்கள். கம்ப்ரெஷன் மீட்டர் குறைகிறது என்று மட்டும்தான் சொல்லும், எந்த வழியாகக் குறைகிறது என்பதை லீக்-டவுன்தான் காட்டும். பிஸ்டனை டிடிசியில் (அதன் உச்சப் புள்ளியில், இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது) நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றி, காதை வைத்துக் கேளுங்கள். ஆயில் மூடியில் சீறினால் ரிங் அல்லது பிஸ்டன். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். ஒரே சிலிண்டர் மட்டும் இவ்வளவு இறங்கியிருப்பதை வைத்து மூன்றாவதில் ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள பகுதி) உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான். எரிந்துபோன எக்ஸாஸ்ட் வால்வும் இதே 6.5ஐக் காட்டும், அப்படியானால் பிளாக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

நீலப் புகையைத் தனியாகப் பாருங்கள். அது பிஸ்டனிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, டர்போவிலிருந்தும் வரும். டர்போ ஷாஃப்டில் ஆயிலைத் தடுப்பது ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு மெல்லிய உலோக வளையம். ஆயில் தானாகக் கீழே வடிந்து போனால்தான் அது வேலை செய்யும். வடியும் குழாய் ஒடுங்கியிருந்தாலோ, வளைந்து கிடந்தாலோ, சேம்பரில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தாலோ ஆயில் தேங்கி டர்பைன் பக்கம் கசியும். ரிங் போன எஞ்சினில் சேம்பருக்குள் காற்றழுத்தம் ஏறும், அதுவும் ஆயிலை வடிய விடாது. அதாவது நல்ல டர்போவே புகை விடும். புகை வருகிறது என்று டர்போவைக் குப்பையில் போட்டவர்கள் எத்தனையோ பேர். வடிகுழாய் போதுமான உள்விட்டத்தோடு, முழுக்க இறக்கமாக, மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. வீல் ஹவுசிங்கில் உரசினாலோ, முன்னும் பின்னும் தெளிவாக நகர்ந்தாலோதான் டர்போ போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, பிரித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். எதையும் கழுவாதீர்கள். பாகங்களை வரிசையாக, எந்த சிலிண்டர், எந்தப் பக்கம் என்று குறித்து வைத்துப் படம் எடுங்கள். முதல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உள்ள லேண்ட் துண்டாகப் பிளந்திருந்தால் அது நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை சீராக எரியாமல் தானாக வெடிப்பது. பிஸ்டன் தலையின் ஓரத்தில் மணல் அடித்தது போலப் பொடிப்பொடியாகக் குழி இருந்தாலும் அதுவே. அப்போது அதே சிலிண்டரின் கனெக்டிங் ராட் பேரிங்கைப் பாருங்கள், மேல் ஷெல் அடி வாங்கித் தேய்ந்திருக்கும், கீழ் ஷெல் நன்றாக இருக்கும். ரிங் முனைகள் கண்ணாடி போலப் பளபளத்தால் ரிங் கேப் போதாமல் சூட்டில் முனையோடு முனை இடித்திருக்கிறது, அந்த இடிதான் லேண்டை உடைத்திருக்கும். தலையின் நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால் நேரத்துக்கு முன்னால் பற்றியிருக்கிறது, பிளக்கின் ஹீட் ரேஞ்சிலும் பெட்ரோல் அளவிலும் தேட வேண்டும். நான்கு மூலையிலும் ஸ்கர்ட் கீறியிருந்தால் எஞ்சின் ஓவர்ஹீட் ஆகியிருக்கிறது. மூன்றாவதில் மட்டும் இதெல்லாம் தெரிந்தால் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி ஒன்றாக ஃப்ளோ டெஸ்டுக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு இன்ஜெக்டர் பாதி அடைத்திருந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து லாம்டா மீட்டரில் (காற்று, பெட்ரோல் விகிதத்தைக் காட்டுவது) நல்ல கணக்கைக் காட்டிவிடும், அந்த ஒன்று மட்டும் தனியாக வெந்துகொண்டிருக்கும்.

என் அனுபவத்தில் இப்படி வெளியில் டர்போ போட்ட ஜிடிஐக்களில் பெரும்பாலானவை நாக்கிங்கில்தான் போகின்றன. காரணம் கணக்கிலேயே தெரியும். 30 டிகிரி நாளில் 0.7 பார் பூஸ்ட் கொடுக்கிறீர்கள், டர்போ 70 சதவீதத் திறனோடு வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வெளியே வரும் காற்று கிட்டத்தட்ட 100 டிகிரி இருக்கும். நல்ல இன்டர்கூலர் அதை 50க்குக் கொண்டுவரும். இன்டர்கூலர் இல்லாமலோ, ரேடியேட்டருக்குப் பின்னால் சூட்டில் உட்கார்ந்த சின்ன இன்டர்கூலரோடோ 10:1 கம்ப்ரெஷனில் ஓட்டினால் பெட்ரோல் தாங்காது. போதாததற்கு இந்த 8 வால்வு ஹெட்டில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். சிவக்கச் சிவக்க எரியும் டர்போவுக்குப் பக்கத்திலேயே இன்டேக் மேனிஃபோல்ட் கிடந்து வேகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு மறைப்பும், டர்பைன் ஹவுசிங்குக்கு ஒரு போர்வையும் கட்டாயம் போடுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் நிச்சயம்.

ஆட்டோபானில் இது இன்னும் முக்கியம். டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடை) ஒரு இழுப்பு சில விநாடிகள்தான். அங்கே எந்த எஞ்சினும் அழகாக வரைபடம் போட்டுத் தரும். 180 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடம் விடாமல் ஓட்டும்போது பிஸ்டன், வால்வு, ஆயில், இன்டர்கூலர் எல்லாமே சூட்டை உள்வாங்கிக்கொண்டே போகும். டைனோவில் பிழைத்த டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) ரோட்டில் பிஸ்டனை உடைப்பது இப்படித்தான். ஆயில் கூலர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கம்ப்ரெஷனைக் குறைப்பது பற்றி. ஒரு சிலிண்டர் 445 சிசி. 10:1க்கு எரியும் அறை 49.5 சிசி இருக்க வேண்டும், 8.5:1க்கு 59.4 சிசி. அதாவது சிலிண்டருக்குப் பத்து சிசி கூட்ட வேண்டும். பழைய கிட்களில் இதற்குத் தடிமனான கேஸ்கெட்டோ ஸ்பேசர் தகடோ போடுவார்கள். 81 மி.மீ. போரில் பத்து சிசி என்றால் கிட்டத்தட்ட 2 மி.மீ. உயரம். பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையே உள்ள ஒடுங்கிய இடைவெளிதான் கலவையைக் கலக்கி நாக்கிங்கைக் குறைக்கிறது. அதை 2 மி.மீ. தூக்கிவிட்டால் கம்ப்ரெஷன் குறைந்த லாபத்தில் ஒரு பகுதியை அங்கேயே இழக்கிறோம். கசிய இன்னொரு இடமும் கிடைக்கிறது. உங்கள் மற்ற மூன்று சிலிண்டர்களும் 10 பார் காட்டுவதால் இதில் ஏற்கனவே தகடு இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. தேய்ந்த 10:1 எஞ்சினும் இதைக் காட்டும், நல்ல நிலையில் உள்ள 8.5:1 எஞ்சினும் இதைக் காட்டும். ஹெட்டைக் கழற்றினால் தெரிந்துவிடும். தகடு இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, கிண்ணம் ஆழமான பிஸ்டனால் 8.5க்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது பிஸ்டன். ஃபோர்ஜ்டு போடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது நாக்கிங்கைத் தடுக்காது, ஒன்றிரண்டு முறை தாங்கும், அவ்வளவே. இரண்டு வகை அலாய் கிடைக்கும். 4032இல் சிலிக்கான் 12 சதவீதம் ஒட்டி இருக்கும், சூட்டில் குறைவாக விரியும், இடைவெளி குறைவாக வைக்கலாம், தினமும் ஓட்டும் வண்டிக்கு அமைதி. 2618இல் சிலிக்கான் மிகக் குறைவு, அடியை நன்றாகத் தாங்கும், ஆனால் அதிகம் விரிவதால் இடைவெளி கூட வேண்டும், குளிரில் ஸ்டார்ட் செய்தால் தட்டும் சத்தம் வரும். 200 எச்பி ரோட்டு வண்டிக்கு நான் 4032 போடுவேன். இதில் மாற்றுக் கருத்து உள்ள நல்ல மெக்கானிக்குகள் நிறைய இருக்கிறார்கள்.

போரிங்கில் விதி ஒன்றுதான்: பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் போர். 81.01 மி.மீ. ஸ்டாண்டர்டு போரை 81.26, 81.51 என்று கம்பெனி ஓவர்சைஸுக்கு ஏற்றலாம். அதற்கு மேலும் போக இரும்பு பிளாக்கில் இடம் உண்டு. ஆனால் கேட்லாக் அளவை நம்பிப் போர் செய்யக் கூடாது. வந்த நான்கு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் அதன் சிலிண்டரைச் சேர்க்க வேண்டும். இடைவெளிக்குப் பிஸ்டன் தயாரிப்பாளர் தரும் சீட்டே கடைசி வார்த்தை. பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது, டார்க் பிளேட் (ஹெட் பூட்டியது போல பிளாக்கை இறுக்கும் தடித்த தகடு) மாட்டி ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது) செய்வீர்களா என்று. ஹெட் போல்ட் இறுகும்போது சிலிண்டர் கொஞ்சம் கோணும். பிளேட் இல்லாமல் வட்டமாகத் தேய்த்தது ஹெட் பூட்டியதும் வட்டமாக இருக்காது. 'அதெல்லாம் தேவையில்லை' என்று சொல்லும் பட்டறையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள்.

ரிங் கேப்பை நீங்களே பாருங்கள், பாக்கெட்டில் வந்தபடி மாட்டாதீர்கள். ரோட்டு டர்போவுக்கு மேல் ரிங்கில் போரின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.005 மி.மீ. என்பது நான் பின்பற்றும் கணக்கு. 81க்கு 0.40 வரும். இரண்டாவது ரிங்குக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. கொஞ்சம் அதிகமாகப் போனால் சிறிது ப்ளோ-பை (ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயு), கொஞ்சம் குறைந்தால் உடைந்த பிஸ்டன். எந்தப் பக்கம் தவற வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. கிராங்க்கை பாலிஷ் செய்து, மெயினிலும் ராடிலும் பேரிங் இடைவெளியை ப்ளாஸ்டிகேஜோடு (நசுங்கிய அகலத்தால் இடைவெளி காட்டும் மெழுகு இழை) விடாமல் மைக்ரோமீட்டரிலும் அளக்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ. ஒட்டி இருந்தால் எனக்கு நிம்மதி. ராடுக்கு ஃபோர்ஜ்டு எச்-பீம் போடுவது நல்லது. ஆனால் பணம் இழுபறி என்றால், 0.7 பாருக்குள் இருக்கப்போகிற வண்டியில் நல்ல ஒரிஜினல் ராடும் புது போல்ட்டும் போதும் என்பதே என் கருத்து.

ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு நடுவே மயிரிழை விரிசல் இந்த எஞ்சினில் அடிக்கடி காண்பதுதான். பயப்பட வேண்டாம், ஆனால் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் பூட்டவும் வேண்டாம். ஹெட் போல்ட் ஒரு முறைதான். 40 நியூட்டன் மீட்டர், பிறகு 60, பிறகு அரைச் சுற்று. பல அடுக்கு இரும்பு கேஸ்கெட் போட்டால் ஹெட், பிளாக் இரண்டின் முகமும் அதற்கேற்ற வழவழப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வியர்க்கும்.

ஹோனிங் முடிந்து வந்த பிளாக்கைக் கழுவுவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பெட்ரோலிலோ டீசலிலோ துடைத்தால் ஹோனிங் கல்லின் பொடி வராது, சுவரின் கோடுகளிலேயே ஒட்டிக்கொள்ளும். சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுச் சுவரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கும் வரை கழுவ வேண்டும். உடனே காற்றடித்து ஆயில் பூசிவிடுங்கள், இரும்பு நிமிடங்களில் துருப்பிடிக்கும். டர்போ வெடித்த வண்டி என்றால் இன்டர்கூலரையும் ஆயில் கூலரையும் புதிதாகவே போடுங்கள். உள்ளே தங்கிய உலோகத் துகளை முழுதாக வெளியே எடுக்க எனக்கு எந்த நம்பிக்கையான வழியும் கிடைத்ததில்லை.

பெட்ரோலும் டைமிங்கும்தான் என் கண்ணில் உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம். டர்போ இல்லாத எஞ்சினுக்கு எழுதிய டிஜிஃபான்ட் (உங்கள் வண்டியின் ஒரிஜினல் இன்ஜெக்ஷன் முறை) கணக்கில் பூஸ்ட் என்ற ஒன்றே கிடையாது. பெட்ரோல் பிரஷரைத் தூக்கும் ரெகுலேட்டர் வைத்துச் சமாளிப்பது பழைய வழக்கம். அது பெட்ரோலை ஒருவிதமாகக் கூட்டும், டைமிங்கைக் குறைக்காது. தனி ஈசியு, மேப் சென்சார் (மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளப்பது), இன்டேக் வெப்ப சென்சார், வைட்பேண்ட் லாம்டா, நாக் கண்காணிப்பு, இவ்வளவும் வேண்டும். 200 எச்பிக்கு, 80 சதவீத டியூட்டியில் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு), இன்ஜெக்டர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 400 சிசி ஒட்டி வரும், பம்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஜெர்மனியில் 98 ஆக்டேன் எங்கும் கிடைக்கிறது, அதில் ட்யூன் செய்து அதையே ஊற்றுங்கள். பூஸ்டில் லாம்டா 0.80 பக்கம், டைமிங்கைப் பின்னாலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவர வேண்டும். இந்த வேலை தெரிந்த ட்யூனரை முதலில் பிடியுங்கள், எந்த ஈசியு வாங்குவது என்று அவரே சொல்லட்டும்.

250 எச்பி பற்றி இப்போது சொல்லலாம். முடியுமா என்றால் முடியும், இந்த பிளாக்கில் அதற்கு மேலும் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் எடுக்க வேண்டுமா என்றால் வேண்டாம் என்பேன். 8 வால்வு ஹெட்டில் அதற்கு 1.3 பாருக்குக் குறையாமல் பூஸ்ட் வேண்டும், காற்று இன்னும் சுடும், பெரிய டர்போ 4000 ஆர்பிஎம் வரை தூங்கும். அதோடு உங்கள் 020 கியர்பாக்ஸில் டிஃபரென்ஷியல் ரிவெட் அடித்துப் பொருத்தியது. அது அறுந்தால் கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். டார்க் (முறுக்குவிசை) கூடிய எந்த வண்டியிலும் ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். ஜி60க்குக் கம்பெனியே 02ஏ கியர்பாக்ஸுக்கு மாறியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிரேக்கும் அப்படியே, எஞ்சினுக்கு முன்னால் அதற்குப் பணம் ஒதுக்குங்கள். 190லிருந்து 200 எச்பி, கேரட் ஜிடி25 அளவில் ஒரு டர்போ, 3000க்குள் முழு பூஸ்ட்: ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள இந்த வண்டிக்கு இதுவே முரட்டு வேகம். இந்த அளவில் கட்டியவை வருடக்கணக்கில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். 250இல் கட்டியவற்றில் அப்படி ஓடியவை குறைவு. இது நான் பார்த்த வண்டிகளின் கணக்கு, பொது விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கு பதிலாக 1.8டி 20 வால்வு எஞ்சினையே மாற்றிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். தவறான யோசனை இல்லை. அதே 81, 86.4 அளவுதான், டர்போவுக்கென்றே பிறந்தது, 150 எச்பியைச் சிரமமில்லாமல் தரும். வயரிங் வேலை பெரிது. உங்கள் பிளாக் போர் செய்ய முடியாத நிலையில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

எதைச் செய்தாலும் பாகம் வாங்கும் முன் டியூஃப் (ஜெர்மனியின் வாகன ஆய்வு அமைப்பு) பொறியாளரை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். இப்போதுள்ள டர்போ வண்டியின் காகிதத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எச் நம்பர் பிளேட் (பழைய பாரம்பரிய வண்டிகளுக்கானது) எண்ணம் இருந்தால் மாற்றங்கள் அந்தக் காலத்துக்குப் பொருந்த வேண்டும், புதிய டர்போ அதற்குக் குறுக்கே நிற்கலாம். அங்கே என்ன அனுமதிப்பார்கள் என்பது ஆய்வாளரைப் பொறுத்தது, இங்கிருந்து நான் உறுதி கொடுக்க முடியாது.

கோத்து முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்கு முன் டர்போவின் ஆயில் துளையில் கையாலேயே ஆயில் ஊற்றி ஷாஃப்டைச் சுற்றிவிடுங்கள். புது கேம்ஷாஃப்டும் லிஃப்டரும் போட்டிருந்தால் முதல் 20 நிமிடம் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேலே வைத்திருங்கள். முதல் ஆயில் மினரல் ஆயிலாக இருக்கட்டும், அந்த 20 நிமிடம் முடிந்ததும் அதை மாற்றி, ஃபில்டரை வெட்டி உள்ளே என்ன மினுக்குகிறது என்று பாருங்கள். பிறகு பூஸ்ட் இல்லாமல், மிதமான லோடில், மேடு ஏறி இறங்கி ஓட்டுங்கள். லோடு இல்லாமல் தாலாட்டினால் ரிங் உட்காராது. பூஸ்டை அதற்கப்புறம் ட்யூனர்தான் ஏற்ற வேண்டும்.

இப்போதைக்கு லீக்-டவுன் சதவீதம், நான்கு பிளக்கின் முனைப் படம், டர்போ வடிகுழாய் சேம்பரில் சேரும் இடத்தின் படம், இந்த மூன்றையும் எடுத்துப் போடுங்கள். பிஸ்டனா வால்வா என்று அதிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும்.